இன்னும் தயாராகவில்லை

மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிகிறது.
ட்ரிஸ்கால் பாலத்தில், அதுவும் நடுப்பாலத்தில்,
ஒதுங்க இடமில்லாத இடமாகப் பார்த்து.
குட்டி எஞ்சின் படம்தான். எனக்கென்னவோ
மூக்கு முளைத்த குக்கர் போலத் தெரியும்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடத்து அக்கார்டு.
ஓடியது இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் மைல்.
இன்னும் இருபத்தேழாயிரம் ஓடினால்
நிலா வந்துவிடும்.

மெஹ்ருன்னிசா இதை எனக்கு விற்றபோது
ஸ்டியரிங்குக்குப் பின்னால்
நகமளவு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.
என்னடி இது என்றேன்.
கண்ணேறு படாமலிருக்க என்றாள்.
நம்பினேன்.
ஜூலை வெயிலில் பசை இளகி
டேப் என் மடியில் விழுந்த அன்று
அதன் பின்னால்
அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது,
எத்தனை வருடமாகவோ.

பெர்த் அம்பாயில் ஆஸ்வால்டோ
காலருகே கம்பியைச் செருகி எண்ணைப் படித்தான்:
பி, பூஜ்ஜியம், நானூற்று இருபது.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் ஊரில் அந்த எண்ணுக்கு
வேறு பெயர் என்பதை
ஸ்பானிஷ் தெரியாமல் எப்படிச் சொல்வது?
கன்வெர்ட்டராக இருந்தால் ஆயிரத்து நானூறு டாலர்.
சென்சாராக இருந்தால் நூற்றெண்பது.
அதுவும் இல்லையென்றால், தோளைக் குலுக்கினான்,
பெட்ரோல் மூடி.

மூடியிலிருந்து ஆரம்பித்தேன். பதினான்கு டாலர்.
பதினொரு நாள் விளக்கு அணைந்திருந்தது.
அந்தப் பதினொரு நாளும்
ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க உட்காரும் எல்லோரிடமும்
மூடியின் மகிமையைச் சொன்னேன்.
பிறகு சென்சார். ஆறு வாரம்.
பிறகு நானே ஒரு வித்தை கற்றுக்கொண்டேன்:
பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி
டீ குடித்துவிட்டு வந்து மாட்டினால்
வண்டி எல்லாவற்றையும் மறந்துவிடும்.
கடிகாரம் பன்னிரண்டு என்று சாதிக்கும்.
ரேடியோ, நீ யார், ரகசிய எண் சொல் என்று கேட்கும்.
எனக்குத் தெரியாது. பாட்டு போனது போனதுதான்.

ராவே சோதனைச் சாவடியில்
மாசுமருவற்ற முகத்தோடு வரிசையில் நின்றேன்.
விளக்கு இல்லை. புகை இல்லை.
கம்பியைச் செருகியவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"இன்னும் தயாராகவில்லை" என்றார்.
யாரோ சமீபத்தில் இதன் நினைவை அழித்திருக்கிறார்கள்,
நூறு மைல் ஓட்டிக்கொண்டு வாருங்கள்,
அதுவே தன்னைச் சோதித்து முடிக்கும்.
தொண்டைக்குள் சிரித்துக்கொண்டேன்.
ஆஸ்வால்டோ,
அந்த நானூற்று இருபது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை.
ஐம்பத்தைந்தைத் தாண்டாமல், பிரேக்கைத் தொடாமல்
பார்க்வேயில் தெற்கே.
பன்னிரண்டு வருடமாயிற்று இந்த ஊருக்கு வந்து.
போய்ச் சேர இடமில்லாமல் வண்டி எடுத்தது
இதுதான் முதல் தடவை.
லாரிகள் திட்டிக்கொண்டே முந்திப் போயின.
டாம்ஸ் ரிவர் தாண்டியதும் இரண்டு பக்கமும் பைன் மரங்கள்,
குட்டையும் இல்லாமல் நெட்டையும் இல்லாமல்,
யார் பார்த்தாலென்ன என்பது மாதிரி.
ரேடியோ இல்லாததால் வண்டி கேட்டது.
பெல்ட் கீச்சென்றது, இடது பக்கம் எதுவோ முனகியது,
டிக்கியில் போன மாதத்து வெங்காயம் ஒன்று
வளைவுக்கு வளைவு உருண்டது.
இவ்வளவையுமா இத்தனை நாளும்
பாட்டு போட்டு மூடி வைத்திருந்தேன்?

திரும்பும் வழியில் பெட்ரோல் போட்ட பையனிடம்
மூன்று முறை 'டிக்' கேட்கும்வரை திருகு தம்பி என்றேன்,
அவனுக்குத் தமிழ் தெரியாது என்பது
அப்புறம்தான் உறைத்தது. திருகினான்.

தொண்ணூற்றேழாவது மைல். ட்ரிஸ்கால் பாலம்.
கீழே ராரிட்டன் ஆறு ஈயம் பூசினாற்போல்.
நடுப்பாலத்தில்
மூக்கு முளைத்த குக்கர் மெல்ல மஞ்சளானது.

தயாராகிவிட்டது.
சோதித்து, ஞாபகம் வந்து, சொல்லியும்விட்டது.
ஆயிரத்து நானூறை எத்தனை மாதமாகப் பிரிக்கலாம் என்று
ஆஸ்வால்டோவிடம் கேட்க வேண்டும்.
டேப்பின் பசை இருந்த இடத்தில் விரல் வைத்தேன்,
இன்னும் ஒட்டியது.
பாலம் இறங்கத் தொடங்கியதும்
வெங்காயம் முன்பக்கமாக உருண்டு வந்து
என் சீட்டின் முதுகில் ஒருமுறை தட்டியது.